ஆப்பிரிக்க சஃபாரி கிளம்புறீங்களா? முதல் ஸ்டாப் நைரோபி இல்ல, ராஜாஜி சாலை! மஞ்சள் அட்டை முதல் மசாய் மாரா வரை முழு விவரம்

திறந்த ஜீப், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, பத்தடி தூரத்தில் சிங்கம். ரீல்ஸில் இந்தக் காட்சி வராத நாளே இல்லை. 'ஒரு தடவையாவது ஆப்பிரிக்கா போய் பார்த்துடணும்' என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது. டிராவல் ஏஜென்சிகளும் கென்யா, தான்சானியா பேக்கேஜ்களைத் தவணைத் திட்டத்தில்கூட விற்கின்றன.

ஆனால் டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் போட்ட பிறகும் பலர் கோட்டை விடும் ஒரு விஷயம் இருக்கிறது. அது ஒரு சின்ன மஞ்சள் நிற அட்டை. அது இல்லாமல் கென்யா போய்விட்டுத் திரும்பினால், சென்னை விமான நிலையத்தில் இருந்து நேராக வீட்டுக்கு வர முடியாமல் போகலாம். அந்த அட்டை கிடைக்கும் இடங்களில் ஒன்று வடசென்னைக்காரர்களுக்கு பஸ் தூரத்தில், துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் இருக்கிறது.

அது என்ன அட்டை? எந்த மாதம் போகலாம்? எந்தக் காடு? செலவு எங்கே எகிறுகிறது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

- கென்யா போய்த் திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று அவசியம்.
- ஊசி போட்ட 10-வது நாளில் இருந்துதான் சான்று செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும்.
- சான்று இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.
- நம்ம ஊர் கோடை விடுமுறை மாதங்கள் அங்கே மழைக்காலம்.
- மசாய் மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை நுழைவுக் கட்டணம் இரண்டு மடங்கு.

'சஃபாரி' என்றால் என்ன?

சஃபாரி என்பது ஸ்வாஹிலி மொழிச் சொல். பொருள், பயணம். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. உருது பேசும் நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களும் பயணத்தை 'சஃபர்' என்றுதான் சொல்வார்கள். ஒரே வேர்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தச் சொல் வேட்டைப் பயணத்தைக் குறித்தது. இன்றும் அதன் மிச்சம் இருக்கிறது. விலங்கு பார்க்க வண்டியில் போவதை 'கேம் டிரைவ்' என்கிறார்கள். 'கேம்' என்றால் இங்கே விளையாட்டு இல்லை, வேட்டை விலங்கு. 'பிக் ஃபைவ்' என்று சொல்லப்படும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தும் உருவத்தில் பெரியவை என்பதால் அந்தப் பெயரைப் பெறவில்லை. நடந்துபோய் வேட்டையாட மிகவும் ஆபத்தான ஐந்து என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. இப்போது துப்பாக்கிக்குப் பதில் கேமரா.

மஞ்சள் அட்டை: யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் நோய் கிடையாது. எனவே சென்னையில் இருந்து மும்பை அல்லது துபாய் வழியாக நைரோபி போய் இறங்குபவரிடம் கென்யா அதிகாரிகள் இந்தச் சான்றைக் கேட்காமலும் விடலாம். 'அங்கேயே கேட்கலை, அப்புறம் எதுக்கு?' என்று நினைத்துவிடுகிறோம்.

கேட்பது கென்யா இல்லை, இந்தியா. போகும்போது இல்லை, திரும்பி வரும்போது.

காரணம் எளிது. மஞ்சள் காய்ச்சல் வைரஸைப் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசு. டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். நல்ல தண்ணீரில் முட்டையிடும் இந்தக் கொசு நம்ம ஊரில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. லாரித் தண்ணீரை டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைத்துப் புழங்கும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் தெருக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூடாத டிரம் என்றால் கொசுப் புழு, மழைக்காலம் என்றால் டெங்கு பயம்.

அதாவது, நோயைப் பரப்பும் கொசு இங்கே இருக்கிறது, அந்த வைரஸ்தான் இல்லை. நோய்த் தொற்றோடு ஒரே ஒருவர் வந்து, அவரை ஒரு ஏடிஸ் கொசு கடித்தால், அது அடுத்த வீட்டுக்குப் பரவ வழி திறந்துவிடும். தடுப்பூசி போடாத, நோயைப் பார்த்தே இராத கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாடு இது. அதனால்தான் இந்த விஷயத்தில் இந்தியா மிகவும் கறாராக இருக்கிறது. மஞ்சள் அட்டை உங்களை மட்டும் காப்பாற்றுவதில்லை, உங்கள் தெருவையும் சேர்த்துத்தான்.

கப்பல்காரர்களுக்கு இது புதுசு இல்லை

வணிகக் கப்பலில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய பாஸ்போர்ட் கவரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் அட்டை உள்ளே இருக்கும். ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் மாலுமிகளுக்கு அது பாஸ்போர்ட்டுக்கு அடுத்த ஆவணம்.

தொற்றுநோய்த் தடுப்புச் சட்டங்கள் பலவும் துறைமுகத்தில் பிறந்தவைதான். 'குவாரண்டைன்' என்ற சொல்லே, நோய் பயத்தால் கப்பல்களைக் கரைக்கு வரவிடாமல் 40 நாள் நிறுத்திவைத்த இத்தாலியத் துறைமுகங்களில் இருந்து வந்தது. இத்தாலிய மொழியில் 'குவாரண்டா' என்றால் நாற்பது. இன்றும் ஒரு கப்பல் மஞ்சள் கொடி ஏற்றினால், 'எங்கள் கப்பலில் நோய் இல்லை, துறைமுகத்துக்குள் வர அனுமதி கொடுங்கள்' என்று பொருள். இந்த வேலையைப் பார்ப்பதற்காகத்தான் பெரிய துறைமுகங்களில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் துறைமுக சுகாதார அலுவலகம் இயங்குகிறது. தடுப்பூசியும் அங்கே போடப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சென்னையில் எங்கே போடலாம்?

எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால் மட்டுமே சான்று செல்லும். சென்னையில் நீண்ட காலமாக இயங்கும் அரசு மையங்கள்:

- துறைமுக சுகாதார அலுவலகம், ராஜாஜி சாலை
- கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம், கிண்டி

குறிப்பிட்ட கிழமைகளில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே ஊசி போடுவார்கள். முன்பதிவும் தேவை. நாள், நேரம், கட்டணம் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் மையத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும்.

அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? பாஸ்போர்ட் எண் சரியா? ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறதா? இனிஷியல் குழப்பம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எப்போதும் உள்ள தலைவலி. அதை கவுன்ட்டரிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

10 நாள் கணக்கு

ஊசி போட்ட அன்றே விமானம் ஏற முடியாது. போட்ட 10-வது நாளில் இருந்துதான் சான்று செல்லுபடியாகும். ஸ்லாட் கிடைக்கும் காலத்தையும் சேர்த்தால், பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. முன்பெல்லாம் 10 ஆண்டுக்கு ஒருமுறை ஊசியைப் புதுப்பிக்க வேண்டும். 2016 ஜூலை 11 முதல், உலக சுகாதார விதிமுறைகளின்படி ஒரே ஊசி ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டையில் பத்து ஆண்டு முடிந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். தொலைத்துவிடாமல் வைத்திருந்தால் போதும்.

யாருக்கு இந்த ஊசி சரிவராது?

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆன தடுப்பூசி. அதனால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட மாட்டார்கள். கீழே உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்:

- 9 மாதத்துக்குக் குறைவான குழந்தைகள்
- முட்டை சாப்பிட்டால் கடுமையான அலர்ஜி உள்ளவர்கள்
- புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று போன்றவற்றால் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள்
- கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்
- 60 வயதைக் கடந்து முதல்முறை போடுபவர்கள்
- சமீபத்தில் வேறு தடுப்பூசி போட்டவர்கள்

'அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாம்' என்று திட்டமிடுபவர்கள், டிக்கெட் போடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். மருத்துவக் காரணத்துக்காக ஊசி வேண்டாம் என்று சான்று வாங்கினாலும், நாடு திரும்பும்போது தனிமைப்படுத்தப்படும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு.

அட்டை இல்லாமல் திரும்பினால் என்ன ஆகும்?

மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியல் ஒன்று இந்திய அரசிடம் இருக்கிறது. கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா மூன்றும் அதில் உண்டு. அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் சான்று இல்லாமல் இந்தியா வருபவரை, 6 நாள் முடியும் வரை அதிகாரிகள் தனிமைப்படுத்தி வைக்கலாம். ஏன் 6 நாள்? வைரஸ் உடம்பில் நுழைந்து காய்ச்சலாக வெளிப்பட 3 முதல் 6 நாள் ஆகும்.

வீட்டில் குழந்தைகள் காத்திருப்பார்கள், திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கும். 'வீட்டிலேயே தனியா இருந்துக்கிறேன் சார்' என்று சொல்லி நழுவ முடியாது. சான்று இல்லாதவரை விமான நிறுவனம் ஏற்றாமல் நிறுத்தவும் வாய்ப்பு இருக்கிறது.

இன்னொரு சிக்கல், வழியில் விமானம் மாறுவது. சென்னையில் இருந்து ஆப்பிரிக்கா போகிறவர்கள் பெரும்பாலும் மும்பை, துபாய், தோஹா அல்லது எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. துபாய் வழியாக அங்கே போய் வந்தால் இந்தச் சான்று தேவைப்படாது. ஆனால் அடிஸ் அபாபா அல்லது நைரோபியில் இறங்கி மாறினால், அங்கும் கேட்கலாம், இங்கும் கேட்கலாம். அதேபோல கென்யாவில் இருந்து ரோடு வழியாக தான்சானியா எல்லையைக் கடந்தால் அங்கும் அட்டையைக் காட்ட வேண்டும். 'எந்த நாட்டுக்குப் போறோம்' என்பதோடு 'எந்த வழியா போறோம்' என்பதையும் பாருங்கள்.

மலேரியா தனிக் கதை. அதற்கு இந்த ஊசி உதவாது. பயண நாள்களில் மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்தப் பூங்கா? ஐந்தின் ஒப்பீடு

மசாய் மாரா, கென்யா: பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். பலரும் தேசியப் பூங்கா என்று சொன்னாலும், இது நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வரும் காப்பகம். நைரோபியில் இருந்து ரோட்டில் 5 முதல் 6 மணி நேரம். குறைந்த நாளில் நிறைய சிங்கங்களைப் பார்க்க விரும்புபவர்களின் முதல் தேர்வு.

செரெங்கெட்டி, தான்சானியா: 1951-ல் உருவான தேசியப் பூங்கா. பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர், அதாவது மாராவைப் போல கிட்டத்தட்ட பத்து மடங்கு. 1981 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். மாராவும் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளிதான். நடுவே நாட்டு எல்லை மட்டும் ஓடுகிறது, அதில் வேலி கிடையாது.

அம்போசெலி, கென்யா: வெறும் 392 சதுர கிலோமீட்டர். யானைக் கூட்டம், பின்னால் 5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோ. காலண்டர்களில் வரும் அந்தப் படம் இங்கே எடுத்ததுதான். மலை மட்டும் தான்சானியாவில் இருக்கிறது.

நைரோபி தேசியப் பூங்கா, கென்யா: 1946-ல் தொடங்கிய கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீட்டர்தான். மூன்று பக்கம் வேலி, தெற்குப் பக்கம் மட்டும் திறப்பு. நகரத்தை ஒட்டியே இருப்பதால் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும். பூங்காவுக்கு மேலே உயரமான தூண்களில் ரயில் போகிறது. தொழிற்சாலையும் காடும் பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழும் இடம். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் கழிமுகத்தில் பறவைகள் என்று எண்ணூரைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இது போதும். ஆனால் இங்கே காட்டு யானை கிடையாது.

க்ரூகர், தென்னாப்பிரிக்கா: 1926-ல் தேசியப் பூங்காவானது. பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். தார் ரோடு உண்டு, வாடகை கார் எடுத்து நாமே ஓட்டிப் போகலாம். அதனால் செலவைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

எந்த மாதம் போகலாம்? இதுதான் பெரிய சிக்கல்

செரெங்கெட்டி, மாரா புல்வெளியில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட்கள் புல்லையும் மழையையும் தேடி ஆண்டு முழுக்க வட்டமடிக்கின்றன. மாடு போன்ற முகம் கொண்ட மான் இனம் இது. கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் நகரும். இதைத்தான் 'பெரும் இடப்பெயர்வு' என்கிறார்கள். எந்த மாதம் எங்கே இருக்கும்?

- ஜனவரி - மார்ச்: தெற்கு செரெங்கெட்டி. பிப்ரவரியில் குட்டி போடும் காலம்.
- ஏப்ரல் - மே: பெருமழைக் காலம். கூட்டம் மேற்கு, வடக்கு நோக்கி நகரும்.
- ஜூன் - ஜூலை: மேற்கு செரெங்கெட்டி, க்ருமெட்டி ஆற்றுப் பகுதி.
- ஜூலை - அக்டோபர்: வடக்கு செரெங்கெட்டி, மசாய் மாரா. முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி இப்போதுதான்.
- நவம்பர் - டிசம்பர்: சிறுமழை. மீண்டும் தெற்கே.

இப்போது நம்ம ஊர் பள்ளி காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள். நமக்கு பெரிய லீவு ஏப்ரல் கடைசியும் மே மாதமும். அங்கே அது சரியான மழைக்காலம். மண் ரோடு சேறாகும், புல் ஆள் உயரம் வளர்ந்து விலங்கை மறைக்கும். அறை வாடகை குறைவு, கூட்டமும் இல்லை என்பது மட்டும்தான் லாபம். அக்டோபர் முதல் வாரத்துக் காலாண்டு விடுமுறை இதைவிடப் பொருத்தமானது. இடப்பெயர்வின் கடைசிக் கட்டம் அப்போது மாராவில் இருக்கும். க்ரூகர் போகிறவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட குளிர்காலம் சிறந்தது. எனவே மே மாத லீவில்தான் போக முடியும் என்றால் கென்யாவைவிட க்ரூகர் நல்ல தேர்வு.

செலவு எங்கே எகிறுது?

பேக்கேஜ் விலையைக் கேட்டதும் 'விமான டிக்கெட்தான் பெரிய செலவு' என்று தோன்றும். உண்மையில் காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் மீட்டர் ஓடும்.

மசாய் மாராவில் 2024-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி, வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். கணவன், மனைவி இருவர் 2 நாள் போனால் ஜூனில் 400 டாலர், ஜூலையில் 800 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே 34,000 ரூபாய் எதிர் 68,000 ரூபாய். அதே காடு, அதே சிங்கம், ஒரு மாத வித்தியாசம்.

இதற்கு மேல் வண்டி, டிரைவர் கைடு, தங்குமிடம், டிப்ஸ் எல்லாம் தனி. வண்டிக்கும் டிரைவருக்கும் ஆகும் செலவு, இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் தலைக்கு ஆகும் செலவு கணிசமாகக் குறையும்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பூங்கா கட்டணம் பேக்கேஜில் சேர்த்தியா? எத்தனை கேம் டிரைவ்? வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் சீட் உண்டா? தங்குமிடம் பூங்காவுக்கு உள்ளேயா, வெளியேயா? 'வெளியே' என்றால் தினமும் கேட் வரை போய்வரும் நேரம் வீண்.

நுழைவு அனுமதிக்கு, கென்யா 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக ஆன்லைன் பயண அனுமதி முறைக்கு மாறிவிட்டது. அரசின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு.

உள்ளே போனா என்ன நடக்கும்?

காலை 6 மணிக்கே வண்டி கிளம்பிவிடும். மறுபடி மாலையில் ஒரு சுற்று. நடுப்பகலில் எதுவும் நடக்காது. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் விலங்கு. வெயில் ஏறிவிட்டால் நீங்கள் பார்ப்பது ஒரு புதர் நிழலையும் அதில் ஆடும் வாலையும் மட்டும்தான்.

வண்டலூர் உயிரியல் பூங்காவின் லயன் சஃபாரியில் சிங்கம் வேலிக்குள் இருக்கும், எனவே கண்ணில் பட்டுவிடும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் அந்த உத்தரவாதம் கிடையாது. 'பிக் ஃபைவ் கட்டாயம் காட்டுவோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கறாரான விதிகள் சில:

- அனுமதித்த இடம் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது.
- கூச்சல், ஹாரன், விலங்குக்கு உணவு போடுவது கூடாது.
- அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது.
- பாதையை விட்டு விலகி ஓட்டச் சொல்லி டிரைவரை வற்புறுத்தக் கூடாது.

கடைசி விதி மிக முக்கியம். 2025 ஜூலையில் செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட்கள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் சுற்றுலாப் பயணிகள் கும்பலாக இறங்கி நின்று வழியை மறித்த வீடியோ உலகம் முழுக்கக் கண்டனத்தைக் கிளப்பியது. ஒரு நல்ல ரீல்ஸுக்காக விலங்கின் பாதையை மறிக்கிறோம். டிரைவர் தானாகச் செய்வதைவிட, பின்சீட்டில் இருந்து வரும் 'இன்னும் கிட்ட போங்க' என்ற குரலுக்காகச் செய்வதுதான் அதிகம்.

பையில் என்ன வைக்கணும், என்ன வைக்கக் கூடாது?

கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் கேரி பேக் தடை. 2020 ஜூன் முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்கும் தடை. தான்சானியாவிலும் 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. முறுக்கு, புளியோதரைப் பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் கவரில் சுற்றிப் பெட்டியில் அடைப்பது நம்ம பழக்கம். துணிப்பை, டப்பாவுக்கு மாறிவிடுங்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் கொளுத்தும் என்று நினைக்க வேண்டாம். நைரோபி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாராவும் உயர்ந்த சமவெளிதான். அதிகாலை திறந்த வண்டியில் ஊட்டிக் குளிர் அடிக்கும். ஸ்வெட்டர் அவசியம். கருநீலம், கறுப்பு உடைகள் 'செட்ஸி' என்ற கடிக்கும் ஈயை ஈர்க்கும், காக்கி, மண் நிறம் பாதுகாப்பு. உள்நாட்டுக் குட்டி விமானத்தில் போனால் பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை, சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் வேண்டாம். பைனாகுலர் ஒன்று கட்டாயம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சப்பாத்தியும் 'சாய்' டீயும் கென்யா மக்களின் அன்றாட உணவு. எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

சிங்கங்களுக்கு நடுவே ரயில் போட்ட இந்தியர்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்தில் இருந்து கிளம்பியது. அதற்கு 40 ஆண்டு கழித்து, 1896-ல் ஆங்கிலேயர்கள் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். வேலைக்கு இந்தியாவில் இருந்து சுமார் 32,000 பேர் கொண்டுபோகப்பட்டனர், பெரும்பாலோர் பஞ்சாப் பகுதியினர். சுமார் 2,500 பேர் திரும்பவே இல்லை.

1898-ல் சாவோ ஆற்றில் பாலம் கட்டியபோது இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளர்களை இழுத்துச் சென்றன. சிங்கங்களைச் சுட்ட ஆங்கிலேய அதிகாரி பேட்டர்சன் 135 பேர் இறந்ததாகச் சொன்னார், பிற்கால ஆய்வு சுமார் 35 பேர் என்கிறது. அந்த இரு சிங்கங்களின் பதப்படுத்திய உடல்கள் இன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த ரயில் பாதைக்கான கிடங்காக 1899-ல் உருவான ஊர்தான் நைரோபி. சுற்றுலாப் பயணிகள் இன்று ரசிக்கும் சாவோ காட்டுக்குள் செத்தவர்களில் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் பலர்.

புல்வெளிக்குச் சொந்தக்காரர்கள் யார்?

சஃபாரி விளம்பரங்களில் சிவப்புத் துணி போர்த்திய மசாய் மக்களைப் பார்த்திருப்பீர்கள். மாடு மேய்ப்பவர்கள். இந்தப் புல்வெளி அவர்களின் மேய்ச்சல் நிலம். 1959-ல் செரெங்கெட்டிக்குள் இருந்த மசாய்கள் வெளியேற்றப்பட்டு ங்கொரொங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டனர். 2022 ஜூனில் தான்சானியாவின் லொலியொண்டோ பகுதியில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை அரசு அளந்து கல் நட்டபோது மசாய் மக்களுக்கும் போலீஸுக்கும் மோதல் வெடித்தது.

விலங்கைக் காப்பாற்றுவது தேவைதான். ஆனால் காலங்காலமாக அந்த நிலத்தில் பிழைத்தவர்களைக் கேட்காமல் எல்லை போட்டால் என்ன ஆகும் என்பது, கழிமுகத்தையும் கடற்கரையையும் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் கொடுத்த வடசென்னை மீனவக் குப்பங்களுக்குப் புரியாத விஷயம் இல்லை.

பயணி என்ன செய்ய முடியும்? மசாய் மாராவைச் சுற்றி 'கன்சர்வன்சி' என்ற பகுதிகள் உள்ளன. மசாய் நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தை வாடகைக்கு விட்டு வருமானம் பெறும் ஏற்பாடு இது. வண்டி நெரிசலும் அங்கே குறைவு. விலை கூடுதல்தான், ஆனால் பணத்தில் ஒரு பங்கு நில உரிமையாளருக்குப் போகும்.

சிறுத்தையா, சிவிங்கியா?

தமிழில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. முகத்தில் கண்ணில் இருந்து வாய் வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு, உடம்பில் தனித்தனிப் புள்ளி, ஒல்லியான உடல் என்றால் அது சீட்டா, தமிழில் சிவிங்கிப்புலி. பூ போன்ற வளையப் புள்ளி, கனத்த உடல், மரம் ஏறும் என்றால் அது சிறுத்தை. சிறுத்தை தமிழ்நாட்டுக் காடுகளிலும் உண்டு. சிவிங்கிப்புலி இந்தியாவில் அழிந்துபோய், 2022 செப்டம்பரில் நமீபியாவில் இருந்து 8 விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன.

பட்ஜெட் இடிக்குதா? பக்கத்திலேயே பார்க்கலாம்

- முதுமலை: தெப்பக்காட்டில் இருந்து வனத்துறை வாகன சஃபாரி. யானை, காட்டெருது, புள்ளிமான் பார்க்கலாம். 2023-ல் ஆஸ்கர் வென்ற யானை ஆவணப்படம் எடுக்கப்பட்ட முகாமும் இங்கேதான். நீலகிரி இ-பாஸ் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
- கிர், குஜராத்: ஆப்பிரிக்காவுக்கு வெளியே காட்டுச் சிங்கம் வாழும் ஒரே பகுதி. 2025 கணக்கெடுப்பில் குஜராத்தில் 891 சிங்கங்கள். ஜூன் நடுவில் இருந்து அக்டோபர் நடு வரை மூடல்.
- பழவேற்காடு: கென்யாவின் நகுரு ஏரி பூநாரைகளுக்குப் பேர்போனது. குளிர்கால மாதங்களில் அதே பூநாரைக் குடும்பத்துப் பறவைகளை, பொன்னேரி வழியாக பஸ் பிடித்து பழவேற்காட்டில் பார்க்கலாம். பாஸ்போர்ட்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

கிளம்பும் முன் செக்லிஸ்ட்

1. இரண்டு மாதம் முன்: வழித்தடத்தை முடிவு செய்யுங்கள். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா வழியில் வருகிறதா என்று பாருங்கள்.
2. ஒரு மாதம் முன்: மஞ்சள் காய்ச்சல் ஊசி. வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் இருந்தால் மருத்துவர் ஆலோசனை.
3. மூன்று வாரம் முன்: நுழைவு அனுமதி விண்ணப்பம், பயணக் காப்பீடு.
4. ஒரு வாரம் முன்: மலேரியா மாத்திரை, கொசு விரட்டி, பிளாஸ்டிக் இல்லாத பேக்கிங்.
5. கிளம்பும் நாள்: மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டோடு கைப்பையில். செக்-இன் பெட்டிக்குள் போட வேண்டாம். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள், ஆனால் கேட்பது ஒரிஜினலைத்தான்.

கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அந்தந்த அரசுத் தளங்களில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஊசி போட்ட மறுநாளே, வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீர் டிரம்முக்கும் ஒரு மூடி போட்டுவிடுங்கள்!